கடற்கரைச் சாலை சொல்லும் வியாபாரப் பாடம்

நாள் முழுவதும் கல்லாவில் அமர்ந்திருக்கும் நமக்கு நடைதான் செலவில்லாத மருந்து. முதலியார்பேட்டை வணிகர்களுக்கு அதற்கேற்ற இடம் அருகிலேயே உள்ளது. புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். மேடு பள்ளம் இல்லாத பாதை.

அண்மையில் ஒரு மாலை நாம் சென்றிருந்தோம். 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை என்று பார்த்தபடி முதியவர்களும் குழந்தைகளும் அச்சமின்றி நடந்தனர். சக்கர நாற்காலியில் வந்தவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. வாகனம் நின்றதால் வியாபாரம் நிற்கவில்லை. சுண்டல், வேர்க்கடலை விற்பனை மும்முரமாக நடந்தது. நடப்பவர் நின்று பார்ப்பார். நின்று பார்ப்பவர் வாங்குவார்.

நம் கடைவீதிக்கும் இது பொருந்தும். நடைபாதையில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அடுக்கினால், வயதான வாடிக்கையாளர் வண்டிகளுக்கிடையே சாலையில் இறங்கி நடக்க நேரிடும். பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியாரும் மாற்றுத்திறனாளிகளுக்கு அணுகல் வசதி செய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம்.

மூட்டைகளை உள்ளே தள்ளி, வாசற்படிக்கு ஒரு சிறு சாய்தளம் அமைப்போம். வழி விட்ட கடைக்கு வாடிக்கை தானே வரும்.