ஓர் அடுப்பு, பல இல்லங்கள்

ஒரு வீட்டின் அடுப்பு அவ்வீட்டாருக்கு மட்டுமே பயன்படும் என்று நாம் எண்ணுகிறோம். ஊருக்கெல்லாம் ஓர் அடுப்பு போதும் என்று காட்டியிருக்கிறது டென்மார்க் நாட்டைச் சேர்ந்த சாம்சோ என்னும் சிறு தீவு.

அங்குள்ள கடுங்குளிரில் வீட்டைச் சூடாக்காமல் வாழ இயலாது. முன்னர் பல வீடுகளில் எண்ணெய் எரித்தே வெப்பம் பெற்றனர். எண்ணெயும் மின்சாரமும் கடல் கடந்தே வந்தன. 1997-ஆம் ஆண்டில், புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் வாழ்ந்து காட்டவேண்டிய தீவாக டென்மார்க் அரசு சாம்சோவைத் தேர்ந்தெடுத்தது.

அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் வைக்கோலே அவர்களுக்குக் கைகொடுத்தது. ஊர்ப்புறத்தில் ஒரு பெரிய கொதிகலன். அதில் வைக்கோலை எரித்து நீரைச் சூடாக்குகின்றனர். வெப்பம் வெளியேறாதவாறு பொதியப்பட்ட குழாய்கள் அந்நீரை நிலத்தடியே வீடுதோறும் கொண்டு செல்கின்றன. தன் வெப்பத்தை இல்லத்திற்கு ஈந்துவிட்டு, ஆறிய நீர் மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. வடபகுதிக் கிராமங்களில் மரச்சில்லுகளோடு கதிரவனின் வெப்பமும் இப்பணியைச் செய்கிறது.

மின்சாரத்திற்குக் காற்று துணைநின்றது. நிலத்தில் 11 காற்றாலைகளும், 2003-ஆம் ஆண்டளவில் கடலில் 10 காற்றாலைகளும் எழுந்தன. காற்று மிகுந்தால் எஞ்சிய மின்சாரம் கடலடி மின்வடத்தின் வழியே பெருநிலத்திற்குச் செல்கிறது. காற்று ஓய்ந்தால் அதே வடத்தின் வழியே மின்சாரம் தீவுக்கு வருகிறது. ஈவதற்கும் பெறுவதற்கும் ஒரே பாதை!

ஆயினும் கருவிகளை நிறுவுவதினும் மனங்களை இணைப்பதே கடினமாயிருந்தது. சிலர் மட்டும் சேர்ந்தால் குழாய் பதிக்கும் செலவு தாங்கவொண்ணாததாகும். பலர் சேர்ந்தால் எளிதாகும். ஆகவே, அத்தீவிலேயே பிறந்த ஆசிரியர் சோரன் ஹெர்மன்சன் கூட்டந்தோறும் சென்று, அயலாரோடு பொறுமையாக உரையாடினார். உழவர்கள் காற்றாலைகளின் உரிமையாளராயினர். எளியோரும் பங்குகள் வாங்கினர். தமக்குரியது என்றானபின் எதிர்ப்புத் தணிந்தது.

குறை இல்லாமலில்லை. குழாய் எட்டாத தொலைவிலுள்ள வீடுகள் தத்தம் வழியைத் தேடவேண்டியிருந்தது. ஊர்திகளும் படகுகளும் எண்ணெயை உடனே கைவிடவில்லை. அதற்கு ஈடாகவே உபரி மின்சாரத்தைக் கணக்கிட்டனர்.

வைக்கோலும் காற்றும் அத்தீவில் முன்னரும் இருந்தவையே. அண்டை வீட்டாரோடு ஒரே குழாயில் இணைய மக்கள் இசைந்தனர்; அதுவே புதியது. நம் தெருவில் அப்படியொரு குழாய் வருமாயின், முதலில் இசைவு தருபவர் நம்முள் யார்?