சட்டமும் பழைய சரக்கின் விலையும்



வரத்து நின்றால் விலை ஏறும் என்பது நாம் அறிந்ததே. சட்டமே வரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பழைய துப்பாக்கி உதிரிபாக வியாபாரம் நல்ல உதாரணம்.

அங்கே சட்டப்படி துப்பாக்கி என்பது 'ரிசீவர்' என்னும் நடுப்பகுதிதான். மற்ற பாகங்கள் வெறும் சாமான். ருமேனியா போன்ற நாடுகளின் பழைய ராணுவ ரைபிள்களில் ரிசீவரை அறுத்துவிட்டு, மீதியை ஒரு செட்டாக இறக்குமதி செய்து வந்தார்கள். 2005-ல் இவ்வகைக் குழல்களின் இறக்குமதியை அரசு நிறுத்தியது. பிறகு குழல் இல்லாத செட்டுதான் வந்தது. அசல் குழலோடு முன்பே வந்திறங்கிய செட்டுக்குத் தனி மதிப்பு. உள்நாட்டில் குழல் செய்பவர்களுக்கும் யோகம்!

1994 செப்டம்பர் சட்டம் வேறு விதம். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைப் பொதுமக்களுக்காகப் புதிதாகச் செய்யக்கூடாது, பழையதை விற்கலாம். ஏராளமாகக் குவிந்திருந்த ரகங்கள் அவ்வளவாக ஏறவில்லை. கிடைப்பதற்கு அரிதானவை நன்றாக ஏறின. ஆனால் சட்டத்துக்கு ஆயுள் பத்தே ஆண்டு என்று அதிலேயே எழுதியிருந்தது. 2004 செப்டம்பரில் அது காலாவதியாயிற்று, புதுச்சரக்கு வந்தது, பழையதற்கு இருந்த கூடுதல் விலை போயிற்று. தேதியைப் படிக்காமல் கடைசி வருடத்தில் வாங்கி அடுக்கியவர் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை.