இலவச ரூலெட் பயிற்சி ஆட்டம்

இலவச ரூலெட் பயிற்சி ஆட்டம் என்பது உண்மையான பணம் கட்டாமல், கற்பனை நாணயங்களைக் கொண்டு இணையத்தில் ஆடப்படும் ரூலெட் விளையாட்டு ஆகும். பணம் கட்டி ஆடும் முன் விதிகளைப் பழகிக்கொள்ள இது உதவும் என்று பரவலாகக் கூறப்படுகிறது. விதிகளைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் நீச்சலையோ சதுரங்கத்தையோ போல, பழகப் பழகத் திறமை கூடும் விளையாட்டு அன்று ரூலெட். முழுவதும் தற்செயலை நம்பிய ஆட்டத்தில் பயிற்சி எதைக் கற்றுத்தரும், எதைக் கற்றுத்தராது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சக்கரமும் பந்தயங்களும்

ரூலெட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு சக்கரம் என்று பொருள். இவ்விளையாட்டு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரில் இன்றைய வடிவத்தை ஏறத்தாழ அடைந்தது. 1843இல் செருமனியின் ஓம்பூர்க் நகரில் பிரான்சுவா பிளாங்கு, லூயி பிளாங்கு சகோதரர்கள் ஒரே ஒரு பூச்சியம் கொண்ட சக்கரத்தை அறிமுகப்படுத்தினர். பின்னர் பிரான்சுவா பிளாங்கு 1863இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியின் பொறுப்பை ஏற்றார். அவ்வழியே ஒற்றைப் பூச்சியச் சக்கரம் ஐரோப்பா முழுவதும் பரவியது. அமெரிக்காவில் இரண்டு பூச்சியங்கள் கொண்ட சக்கரம் நிலைத்தது.

ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள் உள்ளன. 1 முதல் 36 வரையான எண்களில் 18 சிவப்பு, 18 கறுப்பு. பூச்சியம் பச்சை நிறம். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூச்சியமும் சேர்ந்து 38 குழிகள். பந்து எந்தக் குழியில் விழும் என்பதன் மீது பந்தயம் கட்டப்படுகிறது. முக்கியமான பந்தயங்களும் அவற்றில் வென்றால் கிடைக்கும் தொகையும் பின்வருமாறு:

- ஒரே எண்: கட்டிய தொகையைப் போல 35 மடங்கு
- அடுத்தடுத்த இரண்டு எண்கள்: 17 மடங்கு
- ஒரு வரிசையில் மூன்று எண்கள்: 11 மடங்கு
- மூலை சேரும் நான்கு எண்கள்: 8 மடங்கு
- இரு வரிசைகளில் ஆறு எண்கள்: 5 மடங்கு
- பன்னிரண்டு எண்கள்: 2 மடங்கு
- சிவப்பு அல்லது கறுப்பு, ஒற்றை அல்லது இரட்டை, 1–18 அல்லது 19–36: 1 மடங்கு

வென்றவருக்கு இத்தொகையுடன் அவர் கட்டிய பணமும் திரும்பக் கிடைக்கும்.

விடுதியின் சாதகம்

37 குழிகள் ஒவ்வொன்றிலும் ஒருவர் 10 ரூபாய் வைப்பதாகக் கொள்வோம். அவர் செலவிடுவது 370 ரூபாய். பந்து எங்கு விழுந்தாலும் அவருக்கு 350 ரூபாய் பரிசும் அந்தக் குழியில் கட்டிய 10 ரூபாயும் சேர்ந்து 360 ரூபாய் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் 10 ரூபாய் குறைகிறது. 37இல் 1 பங்கு, அதாவது 2.70%, விடுதியின் சாதகம் எனப்படுகிறது. மேலே உள்ள எல்லாப் பந்தயங்களுக்கும் இந்த விகிதம் ஒன்றே. சிவப்பில் வைத்தாலும் 17ஆம் எண்ணில் வைத்தாலும், கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு விடுதிக்குச் செல்கிறது.

அமெரிக்கச் சக்கரத்தில் இது 5.26% ஆகிறது. அதில் மட்டும் உள்ள ஐந்து எண் பந்தயத்தில் (பூச்சியம், இரட்டைப் பூச்சியம், 1, 2, 3) சாதகம் 7.89% வரை உயர்கிறது. மாறாக, சில பிரெஞ்சு மேசைகளில் பூச்சியம் விழுந்தால் சிவப்பு, கறுப்பு போன்ற சமப் பந்தயங்களில் பாதித் தொகை திருப்பித் தரப்படும். அங்கு அப்பந்தயங்களுக்கு விடுதியின் சாதகம் 1.35% மட்டுமே. இந்த வேறுபாடுகளை அறிவதே பயிற்சி ஆட்டத்தில் ஒருவர் பெறக்கூடிய மிகப் பயனுள்ள பாடம். ஆயினும் எந்த மேசையிலும் சாதகம் ஆடுபவரின் பக்கம் திரும்புவதில்லை.

பயிற்சி கற்றுத்தருபவை

பந்தயப் பலகையில் சில்லுகளை எங்கு வைக்க வேண்டும், எந்தப் பந்தயத்திற்கு எவ்வளவு கிடைக்கும், பந்தயம் எப்போது மூடப்படும், ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தை எப்படி அடையாளம் காண்பது ஆகியவற்றை இலவச ஆட்டத்தில் எளிதாகப் பழகலாம். இவற்றை அறிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். இதற்கு மேல் ஆடும் ஒவ்வொரு மணி நேரமும் ஆடுபவரின் திறமையைக் கூட்டுவதில்லை. அவருடைய நம்பிக்கையை மட்டுமே கூட்டக்கூடும்.

சிறிய பயிற்சியின் ஏமாற்றம்

ஒருவர் ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் ஒவ்வொரு முறையும் சிவப்பில் 10 நாணயம் வைத்து 100 முறை ஆடினால், சராசரியாக 27 நாணயம் இழப்பார். ஆனால் தற்செயலின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100 நாணயம் அளவுக்கு இருக்கும். ஆகவே 100 சுற்றுகளின் முடிவில் லாபத்தில் நிற்பதற்கான வாய்ப்பு சுமார் 36%. இப்படிப் பயிற்சி செய்யும் மூவரில் ஒருவராவது தாம் வென்றதாகவே கருதி எழுந்திருப்பார்.

அதே ஆட்டத்தை 1,000 சுற்றுகள் ஆடினால் லாபத்தில் நிற்கும் வாய்ப்பு சுமார் 19% ஆகக் குறைகிறது. 10,000 சுற்றுகளில் அது ஆயிரத்தில் மூன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். விடுதியின் சாதகம் நீண்ட ஆட்டத்தில்தான் வெளிப்படையாகத் தெரியும். பயிற்சி செய்பவர்களில் பெரும்பாலோர் அவ்வளவு நேரம் ஆடுவதில்லை என்பதால், பயிற்சி அவர்களுக்குக் காட்டுவது சாதகத்தை அன்று, தற்செயலை மட்டுமே.

இரட்டிப்பு முறை

பயிற்சி ஆட்டங்களில் மிகுதியாகச் சோதிக்கப்படுவது மார்ட்டிங்கேல் எனப்படும் இரட்டிப்பு முறை. தோற்கும் ஒவ்வொரு முறையும் பந்தயத்தை இரட்டிப்பாக்கி, வென்றதும் தொடக்கத் தொகைக்குத் திரும்புவதே இதன் வழி. 10, 20, 40, 80, 160, 320 என்று ஆறு முறை வரை செல்ல மொத்தம் 630 ரூபாய் தேவை. எப்போது வென்றாலும் நிகர லாபம் 10 ரூபாய்.

தொடர்ந்து ஆறு முறை தோற்பதற்கான நிகழ்தகவு சுமார் 1.83%, அதாவது 55 தொடர்களில் ஒன்று. 20 தொடர்கள் மட்டும் ஆடிப் பார்ப்பவர்களில் ஏறத்தாழ 69% பேர் ஒரு தோல்வியும் காணாமல் 200 ரூபாய் லாபத்துடன் முடிப்பர். இம்முறை பலிக்கிறது என்று அவர்கள் முடிவு செய்வது இயல்பு. ஆனால் 38 தொடர்களுக்குள் 630 ரூபாயும் ஒரேயடியாகப் போவதற்கான வாய்ப்பு பாதியை எட்டுகிறது. 100 தொடர்களில் அது சுமார் 84% ஆகிறது. ஒவ்வொரு தொடரிலும் சராசரி இழப்பு சுமார் 1 ரூபாய் 74 காசு. அடிக்கடி வரும் சிறு லாபங்கள் எப்போதாவது வரும் பேரிழப்பை மறைத்து வைக்கின்றன; அந்த இழப்பு பெரும்பாலும் பயிற்சிக் காலத்தில் வராமல் உண்மைப் பணம் கட்டிய பின்னரே வந்து சேர்கிறது.

மேசைகளில் அதிகபட்சப் பந்தய வரம்பு இருப்பதால், கையில் பணம் இருந்தாலும் இரட்டிப்பை முடிவின்றித் தொடர இயலாது. இலவச ஆட்டத்தில் நாணயம் தீர்ந்தால் பக்கத்தை மீண்டும் திறந்ததும் பை நிறைந்துவிடும் என்பதால் இந்த உண்மை அங்கு உறைப்பதில்லை.

நினைவற்ற சக்கரம்

1913 ஆகத்து 18 அன்று மான்டி கார்லோவில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனிமேல் சிவப்புதான் வரும் என்று நம்பிச் சிவப்பில் பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகை இழந்தனர். முந்தைய முடிவுகள் அடுத்த முடிவை மாற்றும் என்னும் இந்த எண்ணம் சூதாடியின் பிழை எனப்படுகிறது. 25 கறுப்புகளுக்குப் பின்னரும் அடுத்தது சிவப்பாக இருக்கும் வாய்ப்பு 37இல் 18 மட்டுமே. இணைய ஆட்டங்களில் அண்மைய முடிவுகளின் பட்டியல் திரையோரத்தில் காட்டப்படுவதுண்டு. அதில் ஒழுங்கைத் தேடிப் பழகுவது இந்தப் பிழையையே பழகுவதாகும்.

சக்கரத்தை வென்றவர்கள்

ரூலெட்டை அறிவால் வென்றவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோசப் சாகர் என்ற ஆங்கிலேயர் மான்டி கார்லோவில் உதவியாளர்களை அமர்த்தி முடிவுகளைக் குறித்துவரச் செய்தார். ஒரு சக்கரத்தில் சில எண்கள் மிகுதியாக விழுவதைக் கண்டறிந்து பெரும் பணம் ஈட்டினார். 1961இல் கணிதவியலாளர் எட்வர்டு தோர்ப்பும் தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாடு சானனும் உடலில் மறைத்து அணியும் கணினி ஒன்றை உருவாக்கி, பந்தின் வேகத்தைக் கொண்டு அது விழும் பகுதியைக் கணித்து லாசு வேகாசில் சோதித்தனர். இத்தகைய கருவிகளை நெவாடா மாநிலம் 1985இல் சட்டத்தால் தடை செய்தது.

இவர்கள் வென்றது மரமும் உலோகமும் கொண்ட சக்கரத்தின் குறையையும் பந்தின் இயக்கத்தையும் பயன்படுத்தியே. இலவச இணைய ஆட்டத்தில் இவை இரண்டும் இல்லை. தற்போக்கு எண் உருவாக்கி என்னும் மென்பொருள் எண்ணைத் தீர்மானிக்கிறது. திரையில் சுழலும் சக்கரம் அம்முடிவைக் காட்டும் படம் மட்டுமே. எனவே அப்படத்தை எவ்வளவு கூர்ந்து கவனித்தாலும் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

இலவச ஆட்டமும் பண ஆட்டமும்

பயிற்சி ஆட்டத்தின் நிகழ்தகவு பண ஆட்டத்தின் நிகழ்தகவுடன் ஒத்திருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. 2005இல் கனடா ஆய்வாளர்கள் 117 இணையச் சூதாட்டத் தளங்களின் சோதனை ஆட்டங்களை ஆராய்ந்தனர். அவற்றில் 39% தளங்கள் சோதனைக் காலத்தில் கட்டிய தொகையைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்தன. பண ஆட்டத்தில் அந்த விகிதம் நீடிக்கவில்லை. பிரித்தானியாவில் உரிமம் பெற்ற தளங்களின் இலவச ஆட்டங்கள் பண ஆட்டத்தின் விதிகளையும் வெல்லும் வாய்ப்பையும் சரியாகக் காட்ட வேண்டும் என்ற விதி உள்ளது. அங்கு 2019 மே மாதம் முதல் வயதைச் சரிபார்த்த பின்னரே இலவச ஆட்டங்களையும் வழங்க முடியும். உரிமமற்ற தளங்களை இத்தகைய விதிகள் கட்டுப்படுத்துவதில்லை.

வேகமும் வேறுபடுகிறது. விடுதி மேசையில் மணிக்குச் சுமார் 40 சுற்றுகள் நடப்பதாகக் கொண்டால், சுற்றுக்கு 10 ரூபாய் கட்டுபவர் மணிக்குச் சராசரியாக 11 ரூபாய் இழப்பார். இணையத்தில் அவரே 300 சுற்றுகள் ஆடினால் இழப்பு 81 ரூபாய். பயிற்சியில் வேகமாக அழுத்திப் பழகிய விரல், பணம் கட்டும்போதும் அதே வேகத்தில் இயங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு மனத்தில் உள்ளது. கற்பனை நாணயத்தை இழந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார். வாடகைக்கோ கல்விக் கட்டணத்துக்கோ வைத்திருந்த பணத்தை இழந்தவர், விட்டதைப் பிடிக்க மேலும் கட்டுவார். பயிற்சியில் வகுத்த ஒழுங்கு இந்த அழுத்தத்தில் நிற்குமா என்பதை எந்த இலவச ஆட்டமும் சோதித்துக் காட்டாது.

இந்தியாவில் சட்ட நிலை

கோவா, சிக்கிம் மாநிலங்களில் உரிமம் பெற்ற சூதாட்ட விடுதிகள் உள்ளன. தமிழ்நாடு அரசு 2022இல் இயற்றிய சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. 2025 ஆகத்தில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் நாடு முழுவதற்கும் தடை செய்தது. அவற்றை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. ஆகவே, இந்தியாவில் இலவச ஆட்டத்தை முடித்தவரைப் பணம் கட்ட அழைக்கும் இணையத்தளம், சட்டத்துக்குப் புறம்பான ஒன்றுக்கே அழைக்கிறது.

கல்விப் பயன்

பணம் கட்டும் நோக்கமின்றிப் பார்த்தால், இலவச ரூலெட் நிகழ்தகவைக் கற்க நல்ல கருவி. விரிதாள் மென்பொருளில் 0 முதல் 36 வரையான எண்களைத் தற்போக்காக உருவாக்கி 10,000 சுற்றுகளைச் சில நொடிகளில் ஓட்டிப் பார்க்கலாம். இரட்டிப்பு முறையை அதில் சோதிக்கும் மாணவர், மெல்ல ஏறும் கோடு திடீரெனச் சரிவதைத் தம் கண்ணாலேயே காண்பார். தொடக்கத் தொகையை மாற்றாமல் பல முறை ஓட்டினால் சில கோடுகள் மேலேயும் பல கீழேயும் செல்லும். சுற்றுகள் கூடக் கூட மேலே நிற்கும் கோடுகள் அருகிவிடும்.

சூதாட்டத்தை நிறுத்த முடியாத நிலையை உலக நல்வாழ்வு அமைப்பு நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. இழந்ததை மீட்கக் கடன் வாங்குதல், ஆடுவதைக் குடும்பத்தாரிடம் மறைத்தல் ஆகியவை இதன் அடையாளங்களுள் சில. இந்தியாவில் டெலி மானசு என்னும் அரசின் மனநல உதவி எண் 14416இல் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.