பேதிக்கு மருந்து இருக்க, ஆய்வகம் எதற்கு?



"பேதியோடு வரும் குழந்தைக்கு மருந்து கொடுத்து அனுப்பினால் போதாதா? கிருமியை ஆராய்வதற்கும் பணம் வேண்டுமா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு கிருமியின் வரலாறே இதற்குப் பதில் சொல்லும்.

1885ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் தியோடர் எஷரிச் என்ற குழந்தை மருத்துவர், பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். இன்று அதை ஈ. கோலை என்கிறோம். நம் எல்லாருடைய குடலிலும் அது தீங்கின்றி வாழ்கிறது. ஆனால் அதிலும் கொடிய வகைகள் உண்டு. 1945இல் லண்டன் அருகே பேதியால் வாடிய குழந்தைகளைச் சோதித்த ஜான் பிரே, அவர்களில் பெரும்பாலோரிடம் ஒரே வகை ஈ. கோலை இருப்பதைக் கண்டார். நலமாயிருந்த குழந்தைகளிடம் அது அரிதாகவே இருந்தது.

அந்த வகை எப்படி நோய் உண்டாக்குகிறது? சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெட் துணியில் இருப்பதுபோல நுண்ணிய இழைகள் உண்டு. உண்ட உணவு அவற்றின் வழியாகவே உடலில் சேருகிறது. இக்கிருமி குடலின் உயிரணுக்களில் இறுக ஒட்டிக்கொண்டு, அந்த இழைகளை அழித்துவிடுகிறது. தான் பற்றிக்கொள்ள வேண்டிய பிடியையும் அதுவே உயிரணுவுக்குள் செலுத்துகிறது என்று கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1997இல் கண்டறிந்தார்கள். உடலில் சேரவேண்டிய நீர் பேதியாக வெளியேறுகிறது. சின்னஞ்சிறு உடல் விரைவில் வற்றிப்போகிறது.

இதை அறிந்ததால் என்ன பயன்? தாய்ப்பாலிலுள்ள எதிர்ப்பொருள்கள் இக்கிருமியை ஒட்டவிடாமல் தடுக்கின்றன. ஆகவே முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பேதியின்போதும் அதை நிறுத்தக்கூடாது. "வயிறு காயட்டும்" என்று பால் கொடுக்காமலிருப்பது ஆபத்து.

அடுத்தது, உப்பு-சர்க்கரைக் கரைசல். பேதி நடக்கும்போதும் சர்க்கரையோடு சேர்ந்த உப்பையும் நீரையும் குடல் ஏற்றுக்கொள்ளும் என்பது ஆய்வகத்தில் தெரிந்த உண்மை. 1971இல் மேற்கு வங்க எல்லையிலுள்ள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலையே கொடுத்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. இன்று இது மலிவான பொட்டலமாகக் கிடைக்கிறது. பொட்டலம் இல்லாவிடில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம்.

வேலை முடிந்துவிடவில்லை. கொல்கத்தா உட்பட ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக ஏழு இடங்களில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. கடும் பேதியுற்ற ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், இக்கிருமி உள்ளவர்களுக்கு இறக்கும் அபாயம் அதிகம் என்று அது காட்டியது. வேலூரும் பங்குபெற்ற மற்றொரு பன்னாட்டு ஆய்வோ, சில குடற்கிருமிகள் பேதி இல்லாதபோதும் குழந்தையின் வளர்ச்சியைக் குறைப்பதைக் கண்டது.

குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, குடிக்க மறுத்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் கண்டது ஒரு தாயின் கையில் கரண்டியளவு கரைசலாக வந்து சேருகிறது. அதற்கு நீங்களும் துணைநிற்கிறீர்கள்.