விஞ்ஞானப் பந்தயம்: ஓட்டம் யாருடையது, பலன் யாருடையது?

போட்டி என்றவுடன் நம்மில் பலருக்கும் கடைவீதிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒரே தெருவில் இரண்டு ஜவுளிக் கடைகள் இருந்தால் விலை இறங்கும், சரக்கின் தரம் உயரும், வாங்குவோருக்கு லாபம். இரண்டாவது கடைக்காரருக்கு வியாபாரம் சற்றுக் குறையலாமே தவிர, அவர் வெறுங்கையுடன் வீடு திரும்புவதில்லை. விஞ்ஞான ஆராய்ச்சியில் நடைபெறும் போட்டியோ இத்தன்மையதன்று. அங்கே முதலில் கண்டவருக்கே முழுப் புகழும். ஒரு வாரம் பிந்தியவருக்குக் கிடைப்பது சொற்பம். இப்போட்டியால் உலகுக்கு விளையும் நன்மை எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய காரியமன்று. நமது தேசத்தில் சோதனைச்சாலைகளுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் வரி செலுத்தும் பொதுஜனமே. ஆகவே கணக்குக் கேட்கும் உரிமையும் பொதுஜனத்துக்கு உண்டு.

நமக்குப் பெருமை அளித்த ஓர் உதாரணத்திலிருந்தே தொடங்குவோம். 1928 பிப்ரவரி 28-ந் தேதி, கல்கத்தாவில் ஸர் சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனுடைய துணையுடன், ஒளிச்சிதறலில் தாம் கண்ட புதுமையை உறுதி செய்தார். அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்னும் இருவர் அதே விளைவைப் படிகங்களில் கண்டிருந்தனர். ஆனால் ராமன் கண்டதை உடனே வெளியிட்டார். மாஸ்கோவாரின் கட்டுரை சில மாதங்கள் கழித்தே வந்தது. 1930-ம் வருஷத்து நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிட்டியது. அடிமைத் தளையில் இருந்த ஒரு தேசத்தின் மைந்தர் உலகை வென்றார் என்று நாடு மகிழ்ந்தது நியாயமே. எனினும் மாஸ்கோவில் உழைத்த இருவருடைய அறிவும் குறைந்ததன்று என்பதை மறுப்பாரில்லை. பந்தயத்தின் விதி அப்படி.

இவ்விதி ஏன் ஏற்பட்டது? பொருளாதார நிபுணர் கென்னத் ஆரோ 1962-ல் இதற்கு அடிப்படையான காரணத்தை விளக்கினார். அறிவு மற்றச் சரக்குகளைப் போன்றதன்று. ஒரு விளக்கிலிருந்து ஆயிரம் விளக்குகளை ஏற்றினாலும் முதல் விளக்கின் ஒளி குன்றுவதில்லை. அறிவும் அத்தகையது, பலருக்குக் கொடுத்தாலும் குறையாது, வெளியிட்ட பின் பூட்டி வைக்கவும் இயலாது. ஆகையால், சந்தையை மட்டும் நம்பியிருந்தால் அடிப்படை ஆராய்ச்சியில் முதல் போடுவோர் வெகு சிலரே இருப்பர். இக்குறையைத் தீர்க்க உலகம் இரண்டு விதமான கூலிகளை ஏற்படுத்தியிருக்கிறது. ஒன்று, முதலில் கண்டவர் என்னும் புகழ். மற்றொன்று, காப்புரிமை என்னும் தனியுரிமை. புகழைப் பெற வேண்டுமானால் கண்டதை வெளியிட்டே ஆக வேண்டும். காப்புரிமையும் முறையை வெளியிடச் செய்கிறது. ஆனால் சில காலம் வேலி போட அனுமதிக்கிறது.

புகழ் என்னும் கூலியின் நன்மை தீமைகளைப் பார்த்தா தாஸ்குப்தா, பால் டேவிட் என்னும் இரு நிபுணர்கள் 1994-ல் ஆராய்ந்தனர். ஆராய்ச்சியாளர் எவ்வளவு உழைத்தார் என்பதை மேற்பார்வையாளர் அளக்க முடியாது. முதலில் கண்டாரா என்பதை மட்டும் அறிய முடியும். ஆகவே முதலிடத்துக்கே பரிசு கொடுப்பது ஒருவகையில் தவிர்க்க முடியாதது. அது வேகத்தையும் வெளிப்படையையும் வளர்க்கிறது. ஆனால் அதனுடைய மறுபக்கமும் உண்டு. பத்துப் பேர் ஒரே கிணற்றைத் தோண்டுகின்றனர். பக்கத்து நிலம் தரிசாகக் கிடக்கிறது. முடிவை வெளியிடும் வரையில் தமக்குத் தெரிந்ததைச் சகாக்களிடமிருந்தே மறைக்கின்றனர். அவசரத்தில் சரிபார்த்தல் குறைகிறது.

இந்த நன்மையும் தீமையும் ஒரே அரங்கில் வெளிப்பட்ட சரித்திரம் ஒன்று உண்டு. மனித மரபணுத் தொகுதியின் எழுத்துக்களைப் படித்த கதையே அது.

1990-ல் அமெரிக்க சர்க்கார் முன்னின்று, 15 வருஷங்களில், சுமார் 300 கோடி டாலர் செலவில், மனித உடலின் சுமார் 300 கோடி மரபெழுத்துக்களையும் படிப்பதென்று திட்டம் தொடங்கியது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், சீனா ஆகிய தேசங்களும் இதில் பங்குகொண்டன. 1996-ல் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். படித்த எழுத்துக்களை 24 மணி நேரத்துக்குள் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாக வெளியிட வேண்டும் என்பதே அது. விஞ்ஞான உலகில் இதைவிடப் பெருந்தன்மையான ஒப்பந்தத்தைக் காண்பது அரிது.

1998 மே மாதத்தில் கிரெய்க் வென்டர் என்னும் விஞ்ஞானி, ஒரு பெரிய கருவிக் கம்பெனியின் ஆதரவுடன், இதே வேலையைச் சுமார் 30 கோடி டாலரில் மூன்று வருஷங்களில் முடிப்பதாகப் பறைசாற்றினார். அவருடைய கம்பெனிக்குச் செலேரா என்று பெயர். அது தன் தகவலைச் சந்தா செலுத்துவோருக்கு விற்கும்; சில மரபணுக்களுக்குக் காப்புரிமையும் கோரும். பொதுத் திட்டத்தார் விழித்துக்கொண்டனர். பிரிட்டனின் வெல்கம் தர்மநிதி தனது உதவியை அதிகப்படுத்தியது. 2005 என்றிருந்த முடிவு வருஷம் 2003-க்கு முன்னே தள்ளப்பட்டது.

இதிலிருந்து போட்டி வேகத்தைத் தந்தது என்பதை நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பந்தயம் இரு தரப்புக்கும் சமமாக இருந்ததா? இல்லை. பொதுத் திட்டத்தார் தினந்தோறும் வெளியிட்ட எழுத்துக்களைச் செலேரா எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. செலேராவின் எழுத்துக்களைப் பொதுத் திட்டத்தார் எடுக்க இயலவில்லை. ஒருவன் வயலில் வேலியில்லை. மற்றவன் வயலில் வேலி உண்டு. ஆடு எந்தப் பக்கம் மேயும் என்று சொல்லவும் வேண்டுமோ?

2000 மார்ச் 14-ந் தேதி, மரபெழுத்துக்களின் மூலத் தகவல் எல்லா விஞ்ஞானிகளுக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று கிளிண்டனும் டோனி பிளேரும் கூட்டறிக்கை விட்டனர். அன்றே செலேராவின் பங்கு விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. அதே வருஷம் ஜூன் மாதத்தில், ஸாண்டா க்ரூஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜிம் கென்ட் என்னும் மாணவர், சிதறிக் கிடந்த பொதுத் துணுக்குகளைக் கோக்கும் கணினி நிரலைச் சுமார் நான்கு வாரங்களில் எழுதி முடித்தார். காப்புரிமைக்காரர் முந்திக்கொள்வாரே என்ற கவலைதான் அவரைத் தூண்டியது. ஜூன் 26-ந் தேதி வெள்ளை மாளிகையில் இரு தரப்பாரும் ஒருங்கே நின்று முதல் வரைவு முடிந்ததாக அறிவித்தனர். 2003 ஏப்ரலில் பொதுத் திட்டம் நிறைவெய்தியது. அப்போதும் விடுபட்டிருந்த இடைவெளிகள் நிரப்பப்பட்டு முழுத் தொடரும் வெளிவந்தது 2022-ல்தான். முடிந்துவிட்டது என்று மேளம் கொட்டிய பிறகு ஏறக்குறைய 20 வருஷ வேலை மிச்சமிருந்தது!

இனி நஷ்டக் கணக்கு. செலேரா முதலில் படித்துப் பூட்டி வைத்த மரபணுக்கள், பொதுத் திட்டத்தார் அவற்றை மறுபடி படித்து வெளியிட்டவுடன் விடுதலை பெற்றன. பூட்டு நீடித்தது இரண்டு வருஷத்துக்கு மேற்படாது. ஹைடி வில்லியம்ஸ் என்னும் பொருளாதார நிபுணர் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்த மரபணுக்களின் மீது பின்னால் நடந்த ஆராய்ச்சியும் நோய்ச் சோதனைகளும் 20 முதல் 30 சதவிகிதம் வரை குறைந்திருந்தன என்று கண்டார். இரண்டு வருஷப் பூட்டின் துரு அத்தனை காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. காப்புரிமை பெற்ற மரபணுக்களைப் பற்றிப் பின்னர் நடந்த ஆராய்ச்சியில் இத்தகைய நஷ்டம் புலப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுதல் தர்மம். முறையை வெளியிட்டு, காலவரம்புடன் பெறும் உரிமை வேறு. தகவலையே அறைக்குள் வைத்து ஒப்பந்தத்தால் பூட்டுவது வேறு.

ஆயினும் இயற்கைக்கு உடைமைப் பத்திரம் எழுதலாமா என்னும் சட்டக் கேள்வி தனியே நின்றது. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் இரு மரபணுக்களுக்கு மிரியட் என்னும் கம்பெனி உரிமை கொண்டாடிய வழக்கில், 2013 ஜூன் 13-ந் தேதி அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததனாலேயே அது ஒருவருடைய கற்பனையாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. மனிதன் சோதனைச்சாலையில் செய்த பிரதிக்கு மட்டும் காப்புரிமைக்கு இடம் விட்டது. இது சரியான எல்லைக்கோடு என்பதே நமது அபிப்பிராயம். ஒரு மருந்தைச் செய்து, சோதித்து, நோயாளிக்குக் கொண்டுவர ஆகும் செலவு பெரிது. அதற்குக் காலவரம்புள்ள பாதுகாப்புக் கொடுப்பது பாவமன்று. ஆனால் இயற்கையின் உண்மை எவருடைய பாட்டன் சொத்துமன்று.

நமது தேசத்துக்கு இதில் என்ன சம்பந்தம்? 2020-21-ல் நாம் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது தேசத்தின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவிகிதம். அதில் பெரும்பகுதி பொதுப்பணம். 2025 ஜூலையில் மத்திய மந்திரி சபை, தனியார் துறையின் ஆராய்ச்சியை ஊக்குவிக்க 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. பொதுப்பணத்தில் விளைந்த கண்டுபிடிப்பு யாருக்குச் சேரும் என்று வரையறுக்க, 1980-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றி 2008-ல் ராஜ்ய சபையில் ஒரு மசோதா வந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின் 2014-ல் அது வாபஸ் பெறப்பட்டது. கேள்வி மட்டும் வாபஸ் பெறப்படவில்லை.

நாம் வேண்டுவது மூன்று. பொதுப்பணத்தில் சேகரித்த அடிப்படைத் தகவல், பெர்முடாவில் விதித்ததைப் போல், காலதாமதமின்றிப் பொதுவில் வர வேண்டும். சர்க்காரிடம் கடனோ மானியமோ பெறும் கம்பெனி எதைப் பூட்டலாம், எத்தனை காலம் பூட்டலாம் என்பதைப் பணம் கொடுக்குமுன் எழுதி வாங்க வேண்டும். இரண்டாவதாக வந்தவர் உழைப்பையும் மதிக்க வேண்டும். 2018-ல் பிளாஸ் பயாலஜி என்னும் பத்திரிகை, ஆறு மாதத்துக்குள் பிந்தி வந்த ஆராய்ச்சியையும் ஏற்பதென்று முடிவு செய்தது. ஒருவர் கண்டதை மற்றொருவர் தனியே கண்டால் உண்மை வலுப்படுகிறதேயன்றி வீணாவதில்லை.

ஓடுகிறவர்கள் வேகமாக ஓடட்டும். முந்தியவருக்கு மாலையும் சூட்டுவோம். ஆனால் பந்தயம் நடந்த மைதானம் நம்முடையது. அதைப் பரிசாகக் கேட்போருக்கு, தருவதற்கில்லை என்று சொல்லும் துணிவு நமது சட்டசபைகளுக்கு வேண்டும். அத்துணிவை ஊட்டும் பொறுப்பு வாசகர்களுடையது.