மஞ்சள் காலுக்குப் பின்னால் ஒரு காட்டு உறவு!

காட்டோரக் கிராமங்களில் கோழி வளர்ப்பவர்களுக்கு எழும் சந்தேகம் இது. ‘காட்டுச்சேவல், நம் வீட்டுக் கோழியோடு சேருமா?’

சேரும். அரிதாக நடக்கும் விஷயம்தான். ஆனால், அதற்கான சாட்சி நம் முற்றத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கிறது.

உலகில் 4 வகைக் காட்டுக்கோழிகள் உண்டு. இந்தியாவில் இருப்பவை இரண்டு. இமயமலை அடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள், நடு இந்தியாவில் இருப்பது சிவப்புக் காட்டுக்கோழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் பார்ப்பது சாம்பல் காட்டுக்கோழி. இரண்டும் சந்திக்கும் காடுகளில், எப்போதாவது கலப்புக் குஞ்சுகள் பிறப்பதுண்டு.

வீட்டுக் கோழிகளுக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி மட்டுமே என்றார் சார்லஸ் டார்வின். ஆனால், அதன் தோல் வெள்ளை. அப்படியானால், வெள்ளை லெகார்ன் போன்ற கோழிகளுக்கு மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் எங்கிருந்து வந்தன? 2008-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். அந்த மரபணுவைக் கொடுத்தது, நம் சாம்பல் காட்டுக்கோழி!

மக்காச்சோளம், கீரையில் மஞ்சள் நிறச்சத்து இருக்கிறது. வெள்ளைத் தோல் கோழிகள் அதைத் தோலிலேயே சிதைத்துவிடும். மஞ்சள் தோல் கோழிகளில் அந்த வேலை சரியாக நடக்காததால், நிறம் தங்கிவிடுகிறது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குஞ்சுக்கு மஞ்சள் தோல் அமையும்.

காட்டிலிருந்து வந்த கலப்பால் நமக்குக் கெடுதல் இல்லை. வீட்டுக் கோழியின் ரத்தம் காட்டுக்குள் போவதுதான் ஆபத்து. கழுத்து இறகில் மெழுகுப் பொட்டு வைத்த அந்தச் சேவலின் தனித்தன்மை, கலக்கக் கலக்கக் கரைந்துவிடும். கூடவே வெள்ளைக்கழிச்சல் நோயும் காட்டுக்குள் போகலாம்.

காட்டோரத்தில் கோழி வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* இருட்டுவதற்குள் கோழிகளைக் கூண்டில் அடையுங்கள். விடிந்ததும் காட்டுப் பக்கம் மேயவிடாதீர்கள்.

* குஞ்சுகளுக்கு 7-ம் நாள் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து, 8-ம் வாரம் ஊசி கட்டாயம். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

* செத்த கோழியைக் காட்டோரம் வீசாமல், ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள்.

* காட்டுக்கோழி முட்டையை எடுத்துவந்து அடைவைக்காதீர்கள். வேட்டையாடுவதும் முட்டை எடுப்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அதைக் கலப்பில்லாமல் காப்பாற்றுவது, காட்டோரம் கோழி வளர்க்கும் நம் கையில்தான் இருக்கிறது.