ஜாக்கிக்குள் ஒரு சாய்சதுரம்

நடுவழியில் காரின் டயர் பஞ்சரானால் டிக்கியிலிருந்து ஒரு ஜாக்கியை எடுத்து, வண்டிக்கு அடியில் வைத்துத் திருகுகிறார்களே, அதை உற்றுப் பார்த்ததுண்டா? சம நீளமுள்ள நான்கு இரும்புக் கைகள், மூலைகளில் ஆணிகள், குறுக்கே கிடையாக ஒரு திருகுத் தண்டு. ஏறக்குறைய ஒரு சாய்சதுரம்!

சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் இருசமக் கூறிடும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஏன் செங்கோணம்? மேல் மூலையிலிருந்து இடமூலைக்கும் வலமூலைக்கும் உள்ள தூரம் ஒன்றே. கீழ் மூலையிலிருந்தும் அப்படியே. இரு புள்ளிகளிலிருந்து சம தூரத்திலுள்ள புள்ளி எதுவாயினும் அவற்றை இணைக்கும் கோட்டின் மையக் குத்துக்கோட்டில்தான் இருக்கும். ஆகவே மேல், கீழ் மூலைகள் இரண்டும் அந்தக் குத்துக்கோட்டில் அமைந்தே தீர வேண்டும். கைகள் எப்படி மடங்கினாலும் இது மாறாது. தண்டு கிடையாக இருக்கும்வரை மேல் மூலை நேர் மேலே ஏறுகிறது. (சாய்சதுரம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடாமலிருக்க, கைகள் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கவ்வும் பற்கள் வெட்டியிருப்பார்கள்.)

இனிச் சிறிது கணக்கு. மூலைவிட்டங்களின் பாதிகளும் ஒரு கையும் சேர்ந்து செங்கோண முக்கோணம் ஆகின்றன. எனவே பிதாகரஸ் தேற்றப்படி, மூலைவிட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கையின் வர்க்கத்தைப் போல் 4 மடங்கு கிடைக்கும். கை 15 செ.மீ. என்றால் அக்கூட்டுத்தொகை எப்போதும் 900. கிடை மூலைவிட்டம் 29 செ.மீ. ஆக இருக்கும்போது உயரம் 7.7 செ.மீ. திருகி அதை 28 ஆக்குங்கள், உயரம் 10.8 ஆகிவிடுகிறது. 1 செ.மீ. குறைத்ததற்கு 3.1 செ.மீ. உயர்வு! அதே ஜாக்கியில் 22-ஐ 21 ஆக்கினால் உயரம் 20.4-லிருந்து 21.4 தான் ஆகிறது.

தட்டையாக இருக்கும்போது லாபம் அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. தூரத்தில் மும்மடங்கு கிடைத்தால் தண்டின் இழுவிசையும் பாரத்தைப் போல் மும்மடங்காக வேண்டும். கிடை மூலைவிட்டத்தை நிலைக்குத்து மூலைவிட்டத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த மடங்கு. 28-ஐ 10.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.6. ஜாக்கியின் மேல் 400 கிலோ பாரம் என்றால் தண்டில் 1,000 கிலோவுக்கு மேல் இழுவிசை! கிடை 18, உயரம் 24 என்னும் நிலையில் அதுவே 300 கிலோ. பாரம் ஏறிய புதிதில் கை வலிப்பதும், பிறகு இலகுவாவதும் இதனால்தான்.

ஜாக்கியின் கீழ் பலகை வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மண் இளகிய இடத்தில் பலகை அவசியமே. ஆனால் கனத்த பலகை வைத்தால் ஜாக்கி தட்டையாக இருக்கும்போதே வண்டியைத் தொட்டுவிடும், திருகுவது கடினமாகும்.

நான்கு அட்டைப் பட்டைகளைக் குண்டூசியால் கோத்துப் பாருங்கள். தொட்டாலே மடங்கும், பக்கங்கள் சமமாக இருப்பது மட்டும் உருவத்தைப் பிடித்து நிறுத்தாது. குறுக்கே ஐந்தாவது பட்டையைக் குத்தினால் இரண்டு முக்கோணங்களாகி விறைத்து நிற்கும். ஜாக்கியில் அந்த ஐந்தாவது பட்டை திருகுத் தண்டு ஒன்றே. அதன் மரை தேய்ந்து நழுவினால் மற்ற நான்கு கைகளும் ஒன்றும் செய்ய இயலாது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.